யாழ்ப்பாணத்துக் குடும்பக் கார்: மண்ணெண்ணெய், பெற்றோல், ஹைபிரிட்

யாழ்ப்பாணத்தில் கார் வாங்க யோசிக்கிறவர், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற கேள்வியோடு நிற்கமாட்டார். எண்ணெய் கிடையாமல் போனால் என்ன செய்வது, பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பார். வேறு ஊரில் வாகனம் விற்கிறவருக்கு இந்தக் கேள்விகள் புதினமாக இருக்கலாம். தொண்ணூறுகளை இந்தக் குடாநாட்டில் கழித்த எவருக்கும் அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரியும்.

அப்பா கே.கே.எஸ். வீதியோரம் கராஜ் வைத்திருந்தார். உயர்தரச் சோதனை எழுதிவிட்டு எண்பதுகளின் நடுவில் நான் அவரோடு சேர்ந்தேன். இப்போது என் மகன் அதே கராஜில் ஸ்கானரோடு நிற்கிறான். 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணை, ஜீப் ஒண்டு எடுக்கப் போறம். ஹைபிரிட்டோ, பெற்றோலோ?" வெசல், யாரிஸ் குரொஸ், ரைஸ் மாதிரியான உயரமான குடும்ப வாகனங்களைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. இந்த ஊர் எந்த எண்ணெயில் ஓடி வந்தது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

அப்பாவின் காலத்துக் கார் என்றால் ஒஸ்ரின், மொறிஸ். ஒஸ்ரினின் ஏ40 சோமசெற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். 1200 சி.சி. எஞ்சின், நான்கு கதவு, கனத்த தகடு. ஸ்ரீ எழுத்து வருமுன் பதிந்த ஆங்கில எழுத்து இலக்கத்தகட்டோடு அவை பட்டணத்து ஹயர் தரிப்பிடங்களில் வரிசையாக நிற்கும். கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை போவது அதில். பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில். அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரைக்கும், இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர நாட்டில் எவருக்கும் வழி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைத்திறன் அந்தக் காலத்தில் கூர் ஏறியது. லேத் பட்டறையில் புஷ் கடைந்து போடுவதும், தேய்ந்த வால்வை அரைத்துச் சீற் பண்ணுவதும், இல்லாத சாமானுக்கு வேறொரு காரின் சாமானைப் பொருத்துவதும் எங்களுக்கு அன்றாட வேலை.

1977க்குப் பிறகு யப்பான் கார்கள் வந்தன. கொரோலா, டட்சன் சனி, பிறகு ஹையேஸ் வான். எண்பதுகளில் வசதியான குடும்பங்கள் வானுக்கு மாறின, ஏ40 பின்வளவுக்குள் போனது. கோழி அடைக்கும் கூடாகவே சில ஏ40கள் இருந்தன. அவற்றுக்கு இன்னொரு வாழ்வு வரும் என்று அப்பா உட்பட ஒருவரும் நினைக்கவில்லை.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீளும் பட்டியல். ஆனையிறவுப் பாதை மூடியது. குடாநாட்டுக்கு வெளியே போகிறவர்கள் கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் வள்ளத்தில் போனார்கள். புதிய கார் உள்ளே வருவதற்குப் பாதையே இல்லை. மின்சாரமும் போய்விட்டது. உள்ளே வந்த எரிபொருளில் சனத்துக்கு எட்டியது மண்ணெண்ணெய், அதுவும் பங்கீட்டில் விளக்குக்கு. வெளியில் அதன் விலை சாதாரண குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத உயரத்துக்குப் போனது. ஆனாலும் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏதாவது ஓடவேண்டும். பின்வளவில் கிடந்த ஏ40கள் அப்படித்தான் மண்ணெண்ணெயில் ஓட வெளியே வந்தன.

அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியதற்குக் காரணம் அதன் பழமை. எஞ்சினுக்குள் காற்றும் எண்ணெயும் எவ்வளவு அழுத்தப்படுகின்றன என்பது அழுத்த விகிதம். ஏ40இல் அது ஏழுக்குச் சற்று மேல். மண்ணெண்ணெய் அதிகம் அழுத்தினால் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும்; ஏழுக்குத் தாக்குப்பிடிக்கும். முதல் தலைமுறை டொயோட்டா அக்குவா ஹைபிரிட்டின் எஞ்சினில் அது 13.4. அதற்குள் மண்ணெண்ணெயை ஊற்ற நினைக்கவே கூடாது.

ஓட்டும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் செய்த கைகள் குறைந்துகொண்டு போகின்றன. பொனற்றைத் திறந்து காபரேற்றரின் வாயில் ஒரு சின்னப் போத்தலில் இருந்து பெற்றோல் விடவேண்டும். சில துளிதான். பெற்றோல் தங்கம் மாதிரி இருந்த காலம். பற்றரி கிடையாததால் ஒருவர் முன்னால் கைப்பிடி போட்டுச் சுழற்றுவார், அல்லது நாலுபேர் தள்ளுவார்கள். எஞ்சின் பிடித்ததும் அந்தத் துளிகளிலேயே சற்று நேரம் ஓடிச் சூடேறவேண்டும். மண்ணெண்ணெய் சூடில்லாமல் ஆவியாகாது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்து, சத்தம் சீராகும் தறுவாயில் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும். முந்தினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். பிந்தினால் பெற்றோல் தீர்ந்துவிடும். அப்பா செப்புக் குழாயை எக்ஸோஸ்ற் மனிபோல்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்குள்ளால் மண்ணெண்ணெயை விட்டுச் சூடாக்கி அனுப்புவார். இக்னிஷன் நேரத்தையும் கொஞ்சம் பின்தள்ளி வைப்பார். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும், தெரு முழுக்க மணக்கும், ஆனால் கார் ஓடும்.

அதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரியது. எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும். பிளக் கரி பிடிக்கும், வால்வு ஒட்டும். அடிக்கடி கழற்றிப் பூட்டவேண்டும். அதைச் செய்ய ஆட்கள் ஊரில் இருந்தார்கள் என்பதால்தான் அந்தக் கார்கள் பிழைத்தன. 1995 ஒக்டோபர் முப்பதாந் திகதி வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த இரவில், நாவற்குழிப் பாலத்தில் நடக்கமுடியாத முதியவர்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்த வாகனங்களில் இந்த மண்ணெண்ணெய் ஒஸ்ரின்களும் இருந்தன. மழையில், சனத்துக்கு நடுவில், நடக்கும் வேகத்தில். நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் இருக்காது என்று அப்பா எஞ்சினை நிறுத்தவே இல்லை.

1996க்குப் பிறகு கப்பலில் பெற்றோல் வரத் தொடங்கியது, அளந்து கொடுத்தார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வானும் ஒன்றாக வந்து விழுந்தன. 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடியது. அந்த நாலு வருஷத்தில் கார் வாங்கியவர்கள் பெற்றோலுக்கு மறுபடியும் வரிசையில் நின்றார்கள். ஆக, ஒரு தலைமுறைக்குள் இரண்டு தரம் எண்ணெய் வந்து, இரண்டு தரம் போனது.

ஹைபிரிட் எங்களிடம் வந்தது போர் முடிந்த பிறகு. யப்பானில் டொயோட்டா முதல் பிரியஸை 1997 டிசெம்பரில் விற்கத் தொடங்கியபோது நாங்கள் இங்கே போத்தலில் பெற்றோல் விட்டுக்கொண்டிருந்த பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. 2010க்குப் பிறகு லீசிங் நிறுவனங்கள் பட்டணத்தில் கிளை திறந்தன. கனடா, லண்டன் உறவுகள் காசு அனுப்பின. டாக்டர்மாரும் பெரிய உத்தியோகத்தரும் வரிச்சலுகைப் பெர்மிற்றில் எடுத்தார்கள். அந்த நேரம் அரசாங்கம் ஹைபிரிட்டுக்கு வரியைக் குறைத்து வைத்திருந்தது. பிரியஸ், ஹோண்டா பிற், 2011 கடைசியில் யப்பானில் வெளியான அக்குவா, 2013 கடைசியில் வெளியான வெசல் எல்லாம் ஓரிரு வருஷத்துக்குள் நல்லூர் வீதியில் ஓடின.

இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் குடும்பத்துக்கு எந்த எஞ்சின் என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது வர்த்தமானி அறிவித்தல். 2018ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தோடு வாகனத்தின் தீர்வையை எஞ்சின் கொள்ளளவைக் கொண்டு, ஒரு கன சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று கணக்கிடத் தொடங்கினார்கள். 1000, 1300, 1500 என்று படிகள். ஆயிரம் சி.சி.க்குக் கீழே இருக்கும் ரைஸ் ரேபோவும் 1500க்குக் கீழே இருக்கும் வெசலும் யாரிஸ் குரொஸும் எங்கள் வீதிகளில் நிறைந்திருப்பதற்கு அந்தப் படிகள்தான் முதற் காரணம். ஒரு குடும்பம் தனக்கு எது பொருத்தம் என்று யோசிக்க முன்னரே, முக்கால்வாசி வாகனங்களை வரி கழித்துவிடுகிறது.

முதல் ஹைபிரிட்டுகள் கராஜுக்கு வந்தபோது எங்களிடம் அதற்கு ஒரு ஆயுதமும் இல்லை. திரையில் எச்சரிக்கை வரும், எழுத்து யப்பான் மொழியில் இருக்கும். உரிமையாளருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்கள் வாகனத்தின் அடியால் ஓடும். பிரியஸின் பற்றரி 201.6 வோல்ற், அக்குவாவில் 144. அதை உயர்த்தி மோட்டாருக்கு அனுப்பும்போது 500 வோல்ற்றைத் தாண்டும். காபரேற்றரில் வாயால் ஊதிச் சரிபார்த்த எங்கள் கைக்கு இது வேறு உலகம். கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தேன். பின்னால் இருக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, சொல்லப்பட்ட நேரம் பொறுத்திருந்து, இறப்பர்க் கையுறை போட்டு, மீற்றரால் அளந்து பார்த்த பிறகுதான் தொடவேண்டும் என்பதை அங்கே முதல் நாள் சொன்னார்கள். இப்போது எங்கள் ஊரில் சில பெடியள் அந்த ஒழுங்கு தெரியாமல் வெறுங்கையால் பற்றரிப் பெட்டியைத் திறக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பழைய ஏ40 உன்னைச் சுட்டிருக்கும், கையை நசித்திருக்கும். இது ஆளையே கொல்லும்.

ஆனால் ஹைபிரிட்டில் எங்களிடம் வரும் பெருவாரியான கோளாறு அந்த வயர்களில் இருப்பதில்லை. பின் சீற்றின் பக்கத்தில், கால் படுகிற உயரத்தில், ஒரு சின்னச் சல்லடை இருக்கும். பற்றரியைக் குளிரவைக்கும் காற்று அதற்குள்ளால்தான் போகிறது. கோப்பாயிலிருந்து போன மாதம் வந்த ஒரு காரில் அதைக் கழற்றினேன். சல்லடை முழுக்கச் செம்மண், பிள்ளைகளின் பிஸ்கற் தூள், தலைமயிர், சீலையின் நூல். உள்ளே இருந்த விசிறியின் ஒவ்வொரு இதழிலும் செம்மண் படிந்து தடித்திருந்தது. விசிறி சுற்றுகிறது, காற்றுப் போகவில்லை. எங்கள் வெயிலில் பற்றரிக்கு அதைவிட வேறு எதிரி வேண்டியதில்லை. கட்டுநாயக்காவுக்கு வெளிநாட்டு உறவுகளைக் கூட்டிவரப் போகிறவர்கள், இடமில்லாமல் பின் சீற்றில் சூட்கேஸை அடுக்கி அந்தச் சல்லடையை அடைத்துவிட்டு 400 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடிவருவார்கள். பிறகு ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரியும், "ஹைபிரிட் கூடாது" என்பார்கள். தூரிகையும் ஊதுகுழாயும் அரை மணித்தியாலமும் இருந்தால் தடுக்கக்கூடிய பழுது அது.

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நின்றது. பிறகு டொலர் இல்லாமல் நின்றபடியே இருந்தது. அறுபதுகளின் நிலைமை திரும்ப வந்தது என்று அப்பாவின் நண்பர் ஒருவர் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். பத்து வருஷம் பழைய கார் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போனது. ஊரடங்கில் மாதக்கணக்காக நின்ற ஹைபிரிட்டுகள் ஸ்ராட் ஆகவில்லை என்று வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் செத்திருந்தது சின்ன 12 வோல்ற் பற்றரி. அது உயிரோடு இல்லாவிட்டால் பெரிய பற்றரியின் தொடுப்பு விழாது, கார் எழும்பாது.

2022 வந்தது. தை மாதம் 177 ரூபாவாக இருந்த 92 பெற்றோல் ஆனிக் கடைசியில் 470. காசிருந்தும் எண்ணெய் இல்லை. நாள்கணக்காக வரிசை. யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4, முச்சக்கர வண்டிக்கு 5. அந்த 20 லீற்றரில்தான் ஹைபிரிட் என்ன செய்யும் என்று எங்கள் சனம் கண்டது. லீற்றருக்குப் பத்து ஓடும் பழைய பெற்றோல் வான் ஒரு கிழமைப் பங்கில் அனுராதபுரம் தாண்டாது. லீற்றருக்கு இருபது ஓடும் ஹைபிரிட் அதே பங்கில் கொழும்பைப் போய்ச் சேர்ந்தது. மகரகமைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகவேண்டிய குடும்பங்கள் அயலில் ஹைபிரிட் வைத்திருந்தவரைத் தேடிப்போன நாட்கள் அவை. மண்ணெண்ணெயும் கைகொடுக்கவில்லை. அதற்கும் தட்டுப்பாடு, ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏற்றினார்கள், கடற்றொழிலாளர் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு இருந்தார்கள். இன்றைய கார்களோ மண்ணெண்ணெய்க்குப் பிறந்தவை அல்ல. முப்பது வருஷத்துக்கு முந்தி நாங்கள் எண்ணெயை மாற்றிச் சமாளித்தோம். இந்தத் தரம் இருக்கிற எண்ணெயை நீட்டித்துச் சமாளித்தோம்.

இப்போது ஹைபிரிட்டோ பெற்றோலோ என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசலுக்கு யப்பான் சோதனைக் கணக்கில் ஹைபிரிட் லீற்றருக்கு 25.0 கிலோமீற்றர் வரை, பெற்றோல் 17.0. சோதனைக் கணக்கு எங்கள் வீதியில் அப்படியே கிடைக்காது, ஆனால் ஒப்பிட உதவும். வருஷத்துக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு ஹைபிரிட் 480 லீற்றர் குடிக்கும், பெற்றோல் ஏறக்குறைய 706. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வருஷத்துக்கு 68,000 ரூபா மிச்சம். வருஷத்துக்கு 3,000 மட்டும் ஓடினால் மிச்சம் 17,000. ஹைபிரிட்டுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் லட்சங்களை இந்த இரண்டாவது குடும்பம் எந்தக் காலத்திலும் திரும்ப எடுக்காது.

பட்டணத்துக்குள் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் ஏற்றி இறக்குகிறவர், நின்று நின்று ஓடுகிறவர் ஹைபிரிட் எடுக்கட்டும். பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு தரமும் மோட்டார் டைனமோ மாதிரி வேலைசெய்து பற்றரிக்கு ஏற்றும், சந்தியில் நிற்கும்போது எஞ்சின் ஓய்ந்திருக்கும். அந்த நன்மை கஸ்தூரியார் வீதியில் கிடைக்கும் அளவுக்கு வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் இடையே எழுபதில் ஓடும்போது கிடைக்காது. அடிக்கடி நெடுந்தூரம் மட்டும் ஓடுகிறவருக்கு வித்தியாசம் சுருங்கிவிடும்.

இன்னொரு கூட்டம் எங்கள் ஊருக்கே உரியது. கனடாவின் ஸ்காபரோவிலோ லண்டனின் ஹரோவிலோ இருந்துகொண்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் சில கிழமைக்காக இங்கே வாகனம் வாங்கிப் பூட்டி வைப்பவர்கள். அவர்களுக்கு நான் பெற்றோல்தான் சொல்லுவேன். மாதக்கணக்காகச் சார்ஜ் இல்லாமல் நிற்கும் பெரிய பற்றரி மெலியும். பெற்றோல் வாகனத்தில் 12 வோல்ற் பற்றரியை மாற்றிவிட்டு அன்றைக்கே கோயிலுக்குப் போகலாம்.

தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது: யார் பார்ப்பார்கள்? ஏ40 காலத்தில் ஊருக்கு நாலு கராஜில் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு ஹைபிரிட் பற்றரியின் ஒவ்வொரு மொடியூலையும் அளந்து, மெலிந்ததை அடையாளம் கண்டு, சமப்படுத்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பலர் ஒன்றிரண்டு பழைய மொடியூலை மாற்றிப்போட்டு அனுப்புகிறார்கள், சில மாதத்தில் பக்கத்து மொடியூல் சாகிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஹைபிரிட்டையும் மின்சார வாகனத்தையும் தமிழில், கையுறையோடும் மீற்றரோடும், கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டும். என் மகனைப்போல இன்னும் ஐம்பது பெடியள் வேண்டும். அவர்கள் வந்துவிட்டால் நான் தயங்காமல் ஹைபிரிட் என்று சொல்லும் வீடுகள் கூடும்.

உரும்பிராயில் இருந்து ஒரு ஆசிரியத் தம்பதி சித்திரையில் வந்தார்கள். இரண்டு பிள்ளைகள், வயதான தாய், இரண்டு பேருக்கும் வேறு வேறு பள்ளிக்கூடம். தினமும் நாற்பது கிலோமீற்றருக்குக் குறையாத ஓட்டம், மாதத்தில் ஒரு தரம் தாயாரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவேண்டும். "மாஸ்ரர், நீங்கள் ஹைபிரிட்டே எடுங்கோ" என்றேன். மூன்று வருஷத்துக்கு உட்பட்ட யாரிஸ் குரொஸ் ஒன்றின் ஏலத் தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். கிலோமீற்றர்க் கணக்கையும் சேர்விஸ் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், பொருந்தியது. ரீச்சர்தான் கடைசியில் கேட்டா: "அந்தச் சல்லடை எந்தப் பக்கம் இருக்கு?" வாகனம் துறைமுகத்தால் வந்ததும் முதலில் இங்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இடத்தைக் காட்டிக் கழற்றிப் பூட்டவும் பழக்கிவிடவேண்டும். அவவின் வளவும் செம்மண்தான்.